மருந்து முடியும் மட்டும்

பத்தியம் சொல்லாத மருந்தைச் சிங்கப்பூர்த் தேக்காவில் யாரும் மருந்தாக மதித்ததில்லை. இதைப் புரிந்துகொள்ள விஸ்வலிங்கத்துக்குக் கொஞ்ச காலம் பிடித்தது.

சிராங்கூன் ரோட்டில், பூக்கடைக்கும் தையல்கடைக்கும் நடுவே இருந்த மருந்துக்கடையில் அவர் பார்மசிஸ்ட். டாக்டர் எழுதிய சீட்டை வாங்கி, கண்ணாடி அலமாரிக்குப் பின்னால் போய், கலக்க வேண்டியதைக் கலக்கி, எண்ண வேண்டியதை எண்ணி, எப்படிச் சாப்பிடுவது என்று சொல்லி அனுப்புவது வேலை. யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைச் சட்டை, கறுப்புச் சப்பாத்து, நெற்றியில் மெல்லிசாகத் திருநீறு. தான் டாக்டர் இல்லை என்று பல வருஷம் சொல்லிப் பார்த்தார். சனங்கள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, 'சரிங்க டாக்டரய்யா' என்றார்கள். அதோடு விட்டுவிட்டார்.

மனைவி யோகம் ஊரில் இருந்தாள். பிள்ளைகளின் படிப்பு முடியும் மட்டும் அங்கே இருக்கட்டும் என்று பேசி வைத்திருந்தார்கள். மூத்தவன் முடிக்கும்போது நடுவிலவள் பெரிய வகுப்புக்கு வந்தாள். அவள் முடிப்பதற்குள் கடைசிப் பையன் தொடங்கிவிட்டான். விஸ்வலிங்கம் கடைக்குப் பின்பக்கத்துச் சந்தில் மாடி அறை ஒன்றில் இருந்தார். சாப்பாடு, மூலையில் இருந்த சாப்பாட்டுக்கடையில் மாதக் கணக்கு. சுவரைப் பார்த்தபடி போட்டிருந்த ஒற்றை மேசையை அவருக்கென்றே விட்டுவைத்திருந்தார்கள். மரியாதைக்குத்தான். அந்த மரியாதையில் பேச்சுத்துணை ஒன்றும் கிடையாது.

ஆரம்பத்தில், பத்தியம் உண்டா என்று கேட்டவர்களிடம் அவர் உள்ளதைச் சொன்னார். ஒன்றும் இல்லை, எல்லாம் சாப்பிடலாம் என்றார். கேட்டவர்களின் முகம் சுருங்கிப்போகும். ஏமாந்து வாங்கிவிட்டோமோ என்று குப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். நெஞ்சுச்சளிக்கு மருந்து வாங்கிய ஒரு சலவைக்காரர் அதை ரோச்சோர் கால்வாயில் ஊற்றிவிட்டு நேரே நாட்டு மருந்துக்கடைக்குப் போனார். அங்கே மீன் கூடாது, புளி கூடாது, கத்தரிக்காய் கண்ணில் படக்கூடாது என்று நீட்டி முழக்கினார்கள். அவருக்குப் பாதி சளி அங்கேயே இறங்கிவிட்டது.

அதற்குப் பிறகுதான் விஸ்வலிங்கம் வழிக்கு வந்தார். பத்தியம் உண்டா என்றால், இருந்தால் நல்லது என்பார். எத்தனை நாளைக்கு என்றால், மருந்து முடியும் மட்டும் என்பார். இருமல் மருந்து ஒரு வாரத்தில் முடிந்துவிடும். ஒரு வாரம் கத்தரிக்காய் தின்னாமல் செத்தவர் யாரும் இல்லை. குப்பிகள் காலியாகித் திரும்பி வர ஆரம்பித்தன. சின்னப் பொய்தான், பெரிய உபகாரம் செய்தது. அது நாக்கிலேயே பழகி, கேள்வி முடியும் முன்பே வந்து விழுகிற அளவுக்கு ஆகிவிட்டது.

மருதப்பன் தன் மனைவி தங்கத்தை அழைத்துக்கொண்டு வந்தது, வடகிழக்கு மழை விடாமல் ஊற்றிக்கொண்டிருந்த ஒரு டிசம்பரில்.

மருதப்பனை அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். இரண்டு சந்து தள்ளி இருந்த மசாலா மில்லில் அரைக்கிறவர். காலையில் மிளகாய், நண்பகலில் மல்லி, சாயங்காலம் மஞ்சள் என்று மாற்றி மாற்றி அரைத்து, வேலை முடிந்து வரும்போது ஆள் ஒரு நிறமாக இருக்கமாட்டார். எந்தக் கடைக்குள்ளும் ஏறாமல் படியிலேயே நின்றுகொள்வார். ஏறினால் உள்ளே இருப்பவர்கள் தும்மித் தீர்ப்பார்கள். அன்றைக்கும் படியில் நின்றுதான் சீட்டை நீட்டினார். தங்கம் கடை முகப்பில் ஓடும் ஐந்தடி நடைபாதையின் தூணை ஒட்டி நின்றாள். மழைச்சாரல் சேலையை நனைத்துக்கொண்டிருந்தது. நகர்ந்து நிற்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதாகத் தெரியவில்லை.

பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவள். வந்த மறுவருஷம் ஒரு குழந்தை பிறக்கும்போதே இறந்தது. அதைக்கூட அழுது முடித்து எழுந்துவிட்டாள். பிறகு நன்றாகத்தான் இருந்தாள், பாட்டும் பேச்சுமாக. அந்த வருஷம் ஆடியிலிருந்து, காரணம் எதுவும் இல்லாமல், அவளால் பாயைவிட்டு எழ முடியவில்லை. தலைவாருவது மலையேறுகிற மாதிரி ஆகிவிட்டது. காளியம்மன் கோயிலில் மந்திரித்தார்கள். கேலாங்கில் போமோ என்கிற மலாய் மந்திரவாதி ஒருவரிடம் எலுமிச்சம்பழம் வாங்கினார்கள். கடைசியில் ஒரு டாக்டர் பார்த்துவிட்டுப் புதுசாக வந்திருக்கும் மாத்திரை ஒன்றை எழுதிக் கொடுத்திருந்தார். செங்கல் நிறத்தில் சீனி பூசிய சின்ன மாத்திரை. விஸ்வலிங்கத்தின் கடைக்கே அது வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது.

"இது நரம்புக்குங்களா?" என்று கேட்டார் மருதப்பன். "டாக்டரு இங்கிலீஷ்ல சொன்னாரு. எனக்கு வெளங்கல."

"மனத்துக்கு," என்றார் விஸ்வலிங்கம். "வயிறு சோர்ந்துபோறமாதிரி மனமும் சோர்ந்துபோகும். அது அவவின்ர பிழை இல்லை. பேயும் இல்லை, செய்வினையும் இல்லை."

அவர் அவசரப்படாமல்தான் எடுத்துச் சொன்னார். முதலில் வாய் வறளும், மலம் இறுகும், கொஞ்சம் வேர்க்கும், பயப்பட வேண்டாம். முதல் இரண்டு மூன்று கிழமைக்கு ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். அதற்காக நிறுத்திவிடக் கூடாது. சுகம் வந்த பிறகும் பல மாதம் சாப்பிட வேண்டும். டாக்டர் சொல்லாமல் விடக் கூடாது. இன்னொன்றைத் தங்கத்துக்குக் கேட்காத குரலில் சொன்னார். முதலில் கை கால் எழும்பும், மனம் பிந்தித்தான் எழும்பும், அந்த இடைவெளியில் ஆளைத் தனியே விடக்கூடாது. மருதப்பன் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். பரீட்சைக்குப் போகிற மாதிரி உதடு அசைத்து மனப்பாடம் செய்துகொண்டார்.

எல்லாம் முடிந்து பொட்டலத்தை வாங்கிய பிறகு, அவருக்கு முக்கியமாகப் பட்டதைக் கேட்டார்.

"பத்தியம் உண்டுங்களாய்யா?"

கடைக்குள் ஆட்கள் காத்திருந்தார்கள். குழந்தை ஒன்று வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. "ஓம், இருந்தால் நல்லது," என்றார் விஸ்வலிங்கம்.

"எத்தன நாளைக்கி?"

"மருந்து முடியும் மட்டும்."

அப்போதுதான் மருதப்பனின் முகம் தெளிந்தது. மருந்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மழையில் இறங்கினார். இது ஒரு வார இருமல் மருந்து இல்லை, மாதக்கணக்கில் போகிற மருந்து என்று ஒரு நிமிஷம் முன்புதான் தன் வாயாலேயே சொல்லியிருந்தார் விஸ்வலிங்கம். அது அவருக்கு அப்போது உறைக்கவில்லை.

அவர்கள் இருந்தது ஒரு கடைவீட்டு மாடியில். பலகை அடித்துத் தடுத்த அறைகள், அறைக்கொரு குடும்பம், பின்னால் எல்லோருக்கும் சேர்த்து ஒரே அடுப்படி. சாயங்காலமானால் வரிசையாக மண்ணெண்ணெய் அடுப்புகள் எரியும். ஓர் அடுப்பில் கருவாடு, ஒன்றில் பிளாச்சான் இறால் விழுது வறுக்கிற வாடை, ஒன்றில் சாம்பார். அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. யார் எதைச் சமைத்தாலும் ஒரு கிண்ணம் மற்ற அறைக்குப் போகும். போன கிண்ணம் வெறுமையாகத் திரும்பக் கூடாது. இரண்டு கத்தரிக்காயாவது, ஒரு துண்டு வெல்லமாவது அதில் போட்டுத்தான் கொடுப்பார்கள். நாள் முழுக்கக் கிண்ணங்கள் அங்குமிங்கும் நடந்துகொண்டே இருக்கும். கிண்ணத்தோடு பேச்சும் நடக்கும்.

தங்கம் படுத்துக் கிடந்த மாதங்களில்கூட அவளுடைய கதவுக்குக் கிண்ணம் வருவது நின்றதில்லை. எதிர் அறை மைமூன்தான் அதிகம் வருவாள். கடையநல்லூர்க்காரி, வீடுவீடாகப் போய் அம்மியில் மசாலா அரைத்துக் கொடுப்பவள். மில்லில் அரைத்தது மசாலாவே இல்லை, வெறும் தூசி என்று மருதப்பனின் முகத்துக்கு நேரே சொல்லக்கூடியவள். தங்கத்தின் பாய் ஓரமாக உட்கார்ந்து, மருமகளைப் பற்றி, மார்க்கெட்டில் இறால் விற்கிற விலையைப் பற்றி, தன் முழங்காலைப் பற்றி ஓயாமல் பேசுவாள். தங்கம் பதில் சொல்லமாட்டாள். மைமூனுக்குப் பதில் தேவையும் இல்லை. ஆனால் அந்தப் பேச்சு முடிவதற்குள் நாலு வாய்ச் சோறு உள்ளே போயிருக்கும்.

மருந்து வந்த அன்றைக்கே மருதப்பன் அடுப்படியில் போய் நின்று எல்லோரையும் கும்பிட்டார். தங்கத்துக்குப் புது மருந்து தொடங்கியிருக்கிறது, கடும் பத்தியம், இனி யாரும் எதுவும் கொடுத்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பெண்கள் மனதார ஒப்புக்கொண்டார்கள். மருந்து முறிந்த பாவம் யாருக்கு வேண்டும்?

மருதப்பன் எதைச் செய்தாலும் அரைகுறையாகச் செய்யமாட்டார். புதுச் சட்டி வாங்கினார். விடிவதற்கு முன் எழுந்து குளித்து, தானே குழையக் குழையச் சோறு பொங்கி, பாசிப்பருப்பும் சீரகமும் வறுத்த உப்பும் மட்டும் போட்டு இறக்கி, அவள் தலைமாட்டில் மூடி வைத்துவிட்டு மில்லுக்குப் போவார். மீன் இல்லை, புளி இல்லை, எண்ணெய் இல்லை. நாள் முழுக்க மூட்டை மூட்டையாக மிளகாய் அரைக்கிறவர் வீட்டில் ஒரு மிளகாய் இல்லை. அந்த நெடிகூட மருந்துக்கு ஆகாதோ என்று, வந்ததும் குழாயடியில் உடம்பு சிவக்கத் தேய்த்துக் குளித்துவிட்டுத்தான் மாடி ஏறினார்.

பத்தியத்தில் இன்னொன்றும் உண்டு. அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அவர் தன் கயிற்றுக் கட்டிலைத் தூக்கிக்கொண்டுபோய் கீழே ஐந்தடியில், இரவுக் காவல் பார்த்த பஞ்சாபி ஜாகாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். அந்த மழைக்காலம் முழுக்கச் சாரல் அடிக்க அங்கேதான் படுத்தார். இப்படி ஒரு புருஷன் யாருக்கு வாய்ப்பான் என்று அடுப்படியில் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்கள். அவர்கள் சொன்னதில் பொய் இல்லை. அவரைப்போல ஒரு மனுஷன் லேசில் கிடைக்கமாட்டான். கொஞ்சம் மோசமான புருஷனாக இருந்திருந்தால் தங்கம் இன்னும் சீக்கிரமே தேறியிருப்பாள்.

வீட்டுக்கு விலக்கான பெண்களின் நிழல் பட்டால் மருந்து முறியும் என்று யாரோ சொல்லிவைத்தார்கள். யாருக்கு எப்போது என்று கணக்குப் பார்ப்பதைவிட, எல்லோருமே அந்தக் கதவைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு போவது சுலபமாகிவிட்டது. மைமூனுக்கு அந்தக் கவலையெல்லாம் ஓய்ந்து வருஷமாகிறது. அவளும் எதற்கு வம்பு என்று வருவதை நிறுத்திக்கொண்டாள். தனியே விடக்கூடாது என்று விஸ்வலிங்கம் சொன்னதை மருதப்பன் மறந்துவிடவில்லை. சாயங்காலம் குளித்துவிட்டு வந்து வாசற்படியில், அவளைத் தொடாமல், ஒரு கை தூரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பேசினால் அவளுக்கு அலுப்பாகும் என்று பேசாமல் இருந்தார்.

தை பிறந்து சில நாள் கழித்து, ஒரு காலையில், கீழே ரொட்டிக்காரனின் மணிச்சத்தம் தங்கத்துக்குக் கேட்டது. தினமும் வருகிற மணிதான். அன்றைக்குத்தான் கேட்டது. எழுந்து உட்கார்ந்தாள். தலை பிசுபிசுப்பாக இருப்பது தெரிந்தது. கானாங்கெளுத்தி மீனைப் புளி கரைத்து மாங்காய் போட்டுக் குழம்பு வைத்தால் எப்படி இருக்கும் என்று நினைத்தாள். நினைத்ததும் நாக்கில் நீர் ஊறியது. இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று கதவைத் திறந்தாள். எதிரே வந்த பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓரமாகப் போனாள்.

அதற்குப் பிறகு அவள் சாயங்காலங்களில் ஃபேரர் பார்க் திடலுக்குப் போய் ஓரமாக உட்கார ஆரம்பித்தாள். பந்து விளையாடுகிறவர்களின் கூச்சல், கச்சான்கடலை விற்கிறவனின் கூவல், புல்லில் உட்கார்ந்து சண்டை போடுகிற குடும்பங்கள். சண்டை போடக்கூட ஆள் இருக்கிறதே என்று அவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள். மருதப்பன் வேலை விட்டு வந்து தேடி, அவளுக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி நின்று, அவள் எழுந்ததும் பின்னாலேயே வீடு வருவார். இரண்டு பேரும் ஊமை ஊர்வலம் போல வருவதைச் சிராங்கூன் ரோடே பார்த்தது.

மருதப்பனின் அண்ணன் வேலாயுதம் சுவா சூ காங்கில் காய்கறித் தோட்டத்தில் வேலை பார்த்தவர். ஞாயிற்றுக்கிழமை கீரைக்கட்டோடு வந்தவர் தங்கத்தைப் பார்த்துவிட்டுத் தம்பியைக் கீழே கூட்டிப்போனார். எலும்பும் தோலுமாக ஆகிவிட்டாள், இங்கே ஏதாவது ஆகிவிட்டால் பெண் வீட்டுக்கு யார் பதில் சொல்வது, பங்குனிக் கப்பலில் ஏற்றி அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடு என்றார். போனால் திரும்பி வரப் பெர்மிட் கிடைக்குமா என்று மருதப்பன் கேட்டார். அதை அப்புறம் பார்க்கலாம் என்றார் அண்ணன். கிடைக்காது என்பது இரண்டு பேருக்குமே தெரியும்.

மருதப்பனுக்கு ஒன்று மட்டும் தோன்றியது. தான் பத்தியத்தைச் சரியாகக் காக்கவில்லை. மறுநாளிலிருந்து அவளுடைய சோற்றில் இருந்த உப்பையும் எடுத்துவிட்டார்.

மாசி மாதத்து மழைநாள் ஒன்றில், மத்தியானம், தங்கம் மருந்துக்கடைக்குத் தனியாக வந்தாள். கடையில் யாரும் இல்லை. விஸ்வலிங்கம் அவளை முதலில் அடையாளம் தெரிந்துகொள்ளவில்லை. தலையை வாரி முடிந்திருந்தாள். கண்ணில் ஆள் இருந்தது. ஆனால் ரவிக்கைக் கைக்குள் இன்னொரு கை போகும்போல உடம்பு வற்றியிருந்தது. வாங்குப் பலகையில் உட்காரச் சொன்னார். குளிசை எப்படி, தூக்கம் எப்படி என்று கேட்டார்.

"மருந்து நல்ல மருந்துதாங்க," என்றாள் தங்கம். "காலையில எந்திரிக்க முடியுது. எந்திரிச்சு என்ன பண்றதுன்னுதான் தெரியல."

விஸ்வலிங்கம் முக்காலியை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்தார்.

"முன்னாடி எதுவுமே தெரியாதுங்கய்யா. யாரு வந்தா, யாரு போனா ஒண்ணும் தெரியாது. இப்ப எல்லாம் தெரியுது. நான் தனியா இருக்கேன்னு தெரியுது." முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டாள். "ஒண்ணு கேக்கணும். இந்த மருந்த நான் நிறுத்திட்டா, பத்தியம் முடிஞ்சிரும்ல?"

"ஏன் நிறுத்த வேணும்?"

அவள் சொன்னாள். சட்டியிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். கிண்ணம் வராமல்போனது, முகம் திருப்பிக்கொண்டு போகிறவர்கள், உப்பு, கயிற்றுக் கட்டில். கட்டிலைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் தெருவைப் பார்த்துக்கொண்டாள். புருஷனுக்குத் தன்னைக் கண்டாலே அருவருப்பாகிவிட்டது போலிருக்கிறது என்றும், அதனால்தான் கப்பலில் ஏற்றிவிடப் பேசுகிறார்கள் என்றும் சொன்னாள்.

"மருந்து இருக்கிற மட்டும் இப்படித்தான்னா, எனக்கு மருந்து வேணாங்க. பழையபடி ஒண்ணும் தெரியாமயே கெடந்துட்டுப் போறேன். கப்பலுக்கும் அப்படியே போயிருவேன். தெரிஞ்சுக்கிட்டுப் போக என்னால முடியாது."

டாக்டர் எழுதியது சரி. விஸ்வலிங்கம் எண்ணிக் கொடுத்ததும் சரி. ஒரு சொல் மட்டும் சீட்டில் இல்லாதது. அது அவருடைய சொந்தச் சரக்கு. அவர் எழுந்து அலமாரிக்குப் பின்னால் போய், ஒன்றும் எடுக்காமல் திரும்பி வந்தார்.

"தங்கச்சி, இந்தக் குளிசைக்குப் பத்தியம் இல்லை," என்றார். "ஒண்டுமே இல்லை. நான் சும்மா சொன்னது. எல்லாருக்கும் சொல்லுறனான். சொல்லாவிட்டால் ஒருத்தரும் மருந்தை நம்பமாட்டினம்."

தங்கம் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் அவருக்கு நன்றாக இருந்திருக்கும். அவள் கண்கள் நிறைந்தன. ஆனால் அவள் கேட்டது வேறு.

"அப்ப அவங்க கீழ போய்ப் படுத்தது, மருந்துக்காகத்தானா? வேற ஒண்ணும் இல்லையா?"

"வேற என்ன? நான் சொன்னபடியால்தான்."

அவள் முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டாள். மழை விட்டுச் சொட்டிக்கொண்டிருந்தது. மருதப்பனைக் கூப்பிட்டு நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்பதாக விஸ்வலிங்கம் சொன்னார். தங்கம் வேகமாகத் தலையசைத்தாள்.

"அது மட்டும் வேணாங்கய்யா. மழைக்காலம் முச்சூடும் ஐந்தடியில கெடந்த மனுஷன். அது சும்மாதான்னு சொன்னா அவங்க ஒடஞ்சு போயிருவாங்க. அப்புறம் மருந்தயும் நம்பமாட்டாங்க. பத்தியம் முடிஞ்சிருச்சு, மருந்து முடியலன்னு சொல்லுங்க. அது போதும்."

போகும்போது படியில் நின்று திரும்பிச் சொன்னாள். அவர்கள் வீட்டில் பத்தியம் முறிக்கிற அன்றைக்கு மருந்து கொடுத்தவரைக் கூப்பிட்டுச் சோறு போடுவது வழக்கம். ஞாயிற்றுக்கிழமை அவர் வர வேண்டும்.

அன்று சாயங்காலமே மருதப்பனை ஆள்விட்டு வரவழைத்தார் விஸ்வலிங்கம். அவர் மஞ்சள் பூத்த உடம்போடு, என்னவோ ஏதோ என்று ஓடிவந்து வழக்கம்போலப் படியிலேயே நின்றார். பத்தியம் இன்றோடு முடிகிறது, குளிசையைத் தொடர வேண்டும் என்று கேட்டதும் சந்தேகமாகப் பார்த்தார்.

"மருந்து முடியிற மட்டும்னு சொன்னீங்களே?"

"அண்டைக்கு நான் பிழையாச் சொல்லிப்போட்டன். மருந்து பிடிக்கிற மட்டும் எண்டு சொல்லியிருக்க வேணும். அது என்ர பிழை, மருதப்பன். பிடிச்சிட்டுது. இனி அவ எல்லாம் சாப்பிட வேணும். எல்லாரோடையும் இருந்து சாப்பிட வேணும். நீங்களும் மேலே போய்ப் படுங்கோ."

மருதப்பன் மஞ்சள் படிந்த விரல்களால் கண்ணைத் துடைத்தார். எரிச்சலில் இன்னும் கொஞ்சம் நீர் வந்தது.

"அப்ப நான் காத்தது வீண் போகலீங்களே?"

"போகேல்லை," என்றார் விஸ்வலிங்கம். அவர் வாழ்க்கையில் சொன்ன பொய்களில் அதுதான் கஷ்டமானது.

ஞாயிற்றுக்கிழமை அவர் வேட்டி கட்டிக்கொண்டு, வெற்றிலைபாக்கும் ஒரு சீப்பு வாழைப்பழமும் வாங்கிக்கொண்டு போனார். கீழே ஐந்தடியில் ஜாகாவின் கட்டில் மட்டும் இருந்தது. மாடிப்படி ஏறும்போதே மீன்குழம்பு வாசனை வந்து பிடித்துக்கொண்டது. அடுப்படியில் ஒரே இரைச்சல். மில் தூளில் வைத்த குழம்பு என்று மைமூன் மூக்கைச் சுளித்துக்கொண்டு, அதையே இரண்டாவது தரம் ருசி பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை மாதம் வராத கிண்ணங்கள் எல்லாம் ஒரே நாளில் வந்து தங்கத்தின் அறை வாசலை அடைத்திருந்தன. எதை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவள் திண்டாடினாள்.

அண்ணன் வேலாயுதமும் வந்திருந்தார். கப்பல் பேச்சை அவர் எடுக்கவில்லை. மருதப்பன் இலைபோட்டு உட்கார்த்தி, தான் பத்தியம் காத்த கதையை ஆதியோடந்தமாக எல்லோருக்கும் சொன்னார். உப்பை நிறுத்திய பிறகுதான் மருந்து பிடித்தது என்றார். விஸ்வலிங்கம் முள்ளைப் பார்த்துப் பார்த்து எடுப்பதுபோல் குனிந்தே இருந்தார். தங்கம் பரிமாறிக்கொண்டே கணவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கேலியும் இருந்தது, மற்றதும் இருந்தது.

"உங்க வீட்டுல அம்மா எங்கங்கய்யா?" என்று மைமூன் கேட்டாள். ஊரில் என்றார் அவர். எப்போது வருவார்கள் என்று கேட்டாள்.

"பிள்ளையளின்ர படிப்பு முடியும் மட்டும் அங்கதான்," என்றார் விஸ்வலிங்கம்.

சொன்ன பிறகுதான் அது அவர் காதில் விழுந்தது. தங்கத்தின் கையில் கரண்டி அப்படியே நின்றது. மற்றவர்கள் பேச்சைத் தொடர்ந்தார்கள். அவள் கீழே உட்கார்ந்து, பெரிய நடுத்துண்டாகப் பார்த்து எடுத்து அவர் இலையில் வைத்தாள்.

"இன்னைக்கு உங்களுக்கும் முறிச்சிருவோம்," என்றாள் மெதுவாக. "சாப்பிடுங்க."

அவர் சாப்பிட்டார். காரம் என்று சொல்லித் தண்ணீர் வாங்கிக் குடித்தார். புறப்படும்போது தங்கம் ஒரு எனாமல் கிண்ணத்தில் குழம்பு ஊற்றி, தட்டுப்போட்டு மூடிக் கையில் கொடுத்தாள்.

அந்தக் குழம்பை அவர் மறுநாளும் வைத்துச் சாப்பிட்டார். பிறகு கிண்ணத்தைக் கழுவித் துடைத்து மேசைமேல் வைத்தார். பல நாள் அது அங்கேயே இருந்தது. வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று அவருக்குத் தெரியும். அதில் போட்டுக் கொடுக்க அந்த அறையில் ஒன்றும் இல்லை.